நீலகிரியில் அப்ரண்டிஸ் சேர்வதற்கும் சேர்ப்பதற்கும்: ஒப்பந்த எண் முதல் உதவித்தொகை வரை

தொழிற்பயிற்சிக்கென்று அரசு ஒதுக்கும் பணத்தில் மலையில் இருப்பவர்களுக்கு எட்டாமல் போவதே அதிகம். திட்டம் இல்லாததால் அல்ல. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இன்னொரு பெயர். வங்கிக் கணக்கு இருக்கும், அது ஆதாரோடு சேர்ந்திருக்காது. ஒர்க்‌ஷாப்பில் ஆறு மாதமாக வேலை நடக்கும், ஒப்பந்தம் மட்டும் பதிவாகியிருக்காது. இந்த மூன்றில் கடைசியானதுதான் பெரிது. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன்படி, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யப்பட்டவர்தான் அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர். ஒப்பந்த எண் வரும்வரை நீங்கள் சம்பளம் குறைவாக வாங்கும் ஒரு வேலையாள், அவ்வளவுதான். அந்த மாதங்களுக்கு உதவித்தொகையில் அரசு தரும் பங்கும் கிடையாது, பின்னால் சான்றிதழும் கிடையாது.

கீழே சொல்வது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்: பயிற்சிக்குப் போகிற இளைஞர்கள், அவர்களைச் சேர்க்க நினைக்கும் தேயிலைத் தொழிற்சாலை, லாட்ஜ், பேக்கரி, வண்டி ஒர்க்‌ஷாப் உரிமையாளர்கள்.

எந்தப் பணம் எந்த வழியில் வருகிறது

அப்ரண்டிஸ் பயிற்சிக்கு மத்திய அரசில் இரண்டு தனித்தனி வாய்க்கால்கள் உள்ளன. பள்ளிப் படிப்பு, ஐ.டி.ஐ., குறுகிய காலத் திறன் சான்றிதழ் உள்ளவர்களுக்கு நேப்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். இது 2016-இல் தொடங்கியது. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் நடக்கிறது. டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு நேட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். அது கல்வி அமைச்சகத்தின் கீழ், வேறு இணையதளத்தில். அதை நடத்தும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மாநில அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்த பிள்ளை நேப்ஸ் தளத்தில் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாக நடக்கிற தவறு. உங்கள் கடைசித் தகுதிச் சான்றிதழ் எதுவோ அதற்கேற்ற தளத்தில் பதியுங்கள்.

இவை போக, ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே மாநில அரசு தரும் தொகைகள் தனி. தங்கிப் படிக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் தனி. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் தாள்களைச் சரிசெய்யுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனால் முகாமுக்குப் போய் வரிசையில் நின்று, "முதல்ல ஆதாரைத் திருத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்படுவதைவிட மேல். பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஊட்டிக்கு ஒரு முறை வந்து போவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும்.

பெயர்: நம்மூரில் இனிஷியல்தான் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சுரேஷ் ம' என்றும் ஆதாரில் 'சுரேஷ் மாரிமுத்து' என்றும் இருக்கும். கணினி இரண்டையும் வேறு ஆளாகத்தான் பார்க்கும். பள்ளிச் சான்றிதழை மாற்றுவது நீண்ட வழி. ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவது குறுக்கு வழி. பிறந்த தேதியையும் அப்போதே பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை எளிதில் ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். அந்த ஒரு முறையை வீணாக்காதீர்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா பெயர், அப்பா பெயர், ஊர்ப்பெயர் மூன்றும் கலந்து வெவ்வேறு தாளில் வெவ்வேறாக இருப்பதுண்டு. சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் ஒன்றாக மேசையில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கைபேசி எண்: ஒவ்வொரு படியிலும் ஓ.டி.பி. கேட்கும். ஆதாரோடு இணைந்த எண் இன்று உங்கள் கையில் இருக்கும் சிம்தானா? ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன பழைய எண் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்; ஆதார் மையத்தில் மாற்றலாம். கெத்தை, கீழ் கோத்தகிரி, எருமாடு பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் பதிவு செய்ய உட்காராதீர்கள். ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகி, திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கு தற்காலிகமாக முடங்கும். தாலுகா ஊரில் உள்ள இ-சேவை மையம்தான் வசதி.

வங்கிக் கணக்கு: மிக அதிகமாகப் பணம் நிற்பது இங்கேதான். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, உங்கள் ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணத்தை வாங்கும் கணக்காக அது குறிக்கப்பட்டிருப்பது வேறு. இரண்டாவதைத்தான் சீடிங் என்கிறார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் இப்படி இருக்க முடியும். கடைசியாக எதைச் சேர்த்தீர்களோ அங்கே பணம் போகும். கல்லூரி உதவித்தொகைக்காக என்றோ திறந்த கணக்குக்குப் பணம் போய்க்கொண்டிருக்க, பிள்ளை வேறு பாஸ்புக்கைப் பார்த்து 'வரவில்லை' என்று சொல்லும் கதை நிறைய உண்டு. ஆதார் இணையதளத்திலேயே சீடிங் நிலையைப் பார்க்கலாம்; எந்த வங்கி என்று காட்டும். பக்கத்தில் வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு நல்ல மாற்று. தபால்காரரே கைரேகை வைத்துத் திறந்து, சீடிங்கும் செய்துவிடுவார்.

சாதிச் சான்றிதழ்: பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் தருகிறார், விசாரணை உண்டு, நாள் எடுக்கும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள் பயிற்சி அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்தால் பெரும்பாலும் கைக்கு வராது. பத்தாம் வகுப்பு படிக்கும்போதே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

ஐ.டி.ஐ. வழியாகப் போவதா, நேரடியாகவா

பத்தாம் வகுப்பு முடித்தவர் நேரடியாகவும் அப்ரண்டிஸ் ஆகலாம். ஆனாலும் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் போவதையே நாங்கள் சொல்வோம், குடும்பச் சூழல் தாங்குமென்றால். காரணம் உதவித்தொகை வித்தியாசம் இல்லை, அது சொற்பம்தான். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே, மின்வாரியம் போன்ற பெரிய இடங்களின் அறிவிப்புகளில் பெரும்பாலான இடங்கள் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவர்களுக்கே.

மாவட்டத்தில் குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடப்புத்தகம், பஸ் பாஸ் கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர் என்றால் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். இரண்டையும் சேர்த்தால் மாதம் 1,750. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பம் திறந்துவிடும், ஆன்லைனில்தான். தொழிற்பிரிவை வரிசைப்படுத்தும்போது நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். மலையில் வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எலக்ட்ரீஷியனுக்கும் பிட்டருக்கும் தேயிலைத் தொழிற்சாலை, நீர்மின் நிலையம், ஓட்டல் மூன்றிலும் இடம் இருக்கிறது. டர்னருக்கு இங்கே ஒரு தனி மதிப்பு: தேயிலையை அரைக்கும் சி.டி.சி. ரோலரின் பல் மழுங்கிவிட்டால் கழற்றி லேத்தில் ஏற்றிப் பல் வெட்ட வேண்டும், அதைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. மோட்டார் மெக்கானிக்குக்கு வாடகை ஜீப்பும் டூரிஸ்ட் வேனும் இருக்கும்வரை கவலையில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, பிளஸ் டூ மொழித்தாள்களையும் எழுதித் தேறினால் தமிழ்நாட்டில் அது பிளஸ் டூவுக்கு இணை. பின்னால் பட்டம் படிக்க நினைப்பவர்கள் இதைச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

பதிவிலிருந்து ஒப்பந்தம் வரை

1. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பயிற்சி பெறுபவராகப் பதியுங்கள். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்க்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிந்து கொடுத்துவிட்டால் ஒப்பந்த அறிவிப்பு அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியவே வராது.

2. ஆதார் வழி இ-கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். படிப்பு, ஐ.டி.ஐ. சான்றிதழ், வங்கி விவரம், புகைப்படம் ஏற்றுங்கள். விவரம் முழுமையாக நிரம்பாமல் விண்ணப்பித்தால் நிறுவனத்தின் திரையில் உங்கள் பெயர் தேர்வுக்கு வராது.

3. மாவட்டம் நீலகிரி என்று போட்டுத் தேடுங்கள். வாய்ப்பு குறைவாகத்தான் காட்டும். கோயம்புத்தூரையும் சேருங்கள், ஆனால் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு. சமவெளியில் ஒரு பி.ஜி. அறை வாடகையும் மெஸ்ஸும் உதவித்தொகை முழுவதையும் சாப்பிட்டுவிடும். நிறுவனமே தங்குமிடம் தருகிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

4. இணையதளத்தில் இல்லாத நிறுவனத்தில் சேர விருப்பமா? நேரில் போய்க் கேளுங்கள். மலையில் பாதி வாய்ப்பு இப்படித்தான் திறக்கிறது. மேனேஜர் சம்மதித்தால் அவர்கள் தளத்தில் பதிந்து, வாய்ப்பை அறிவித்து, உங்களைத் தேர்ந்தெடுக்கலாம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் அவர்களுக்கு வழிகாட்டும். அவ்வப்போது நடக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களையும் அந்த அலுவலகமே அறிவிக்கிறது.

5. நிறுவனம் ஒப்பந்தத்தை உருவாக்கியதும் உங்கள் கணக்குக்கு வரும். ஏற்கும் முன் நான்கு இடங்களைப் படியுங்கள்: தொழிற்பிரிவின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாத உதவித்தொகை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவருக்கு 'உதவியாளர்' என்று ஏதோ ஒரு விருப்பத் தொழிற்பிரிவு (அரசு பட்டியலிட்ட 'குறிப்பிட்ட தொழிற்பிரிவு' அல்லாத ஒன்று) போட்டிருந்தால் ஏற்காதீர்கள். ஒரு தொழிலில் பயிற்சி முடித்துவிட்டால் மறுபடி அப்ரண்டிஸ் ஆவது கடினம். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரும் கையெழுத்திட வேண்டும். சட்டப்படி குறைந்தபட்ச வயது 14. அபாயகரமான தொழிலுக்கு 18.

6. ஒப்பந்த எண் வந்ததும் பி.டி.எஃப்.-ஐ இறக்கி, ஒரு நகல் அச்செடுத்து வீட்டில் வையுங்கள்.

எந்தப் படியிலும் பயிற்சி பெறுபவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. 'ரயில்வே அப்ரண்டிஸ் வாங்கித் தருகிறேன்' என்று ஊருக்குள் சுற்றுபவர்களிடம் அறிவிப்பு எண்ணைக் கேளுங்கள். அதற்கு மேல் பேச்சு நீளாது. ரயில்வே தன் அறிவிப்பில் கேட்கும் சிறு விண்ணப்பக் கட்டணம் வேறு விஷயம். அதை நீங்களே ரயில்வே தளத்தில் கட்டுவீர்கள்.

மாதம் எவ்வளவு

2019-இல் திருத்திய விதிகள் வகுத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை: ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000; பத்தாம் வகுப்பு 6,000; பிளஸ் டூ 7,000; ஐ.டி.ஐ. சான்றிதழ் 7,000, டிப்ளமோ 8,000, பட்டதாரி 9,000. இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 15 விழுக்காடு கூடும். இது தரை அளவு. இதற்குக் கீழே தரக்கூடாது, மேலே எவ்வளவும் தரலாம். ஒப்பந்தம் போடும் அன்று தளம் எந்தக் குறைந்தபட்சத்தைக் காட்டுகிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

வெளிப்படையாகச் சொன்னால், 7,000 ரூபாயை 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 269 ரூபாய்தான். தோட்டத்துக் கூலியே இதைவிட அதிகம். வீட்டில் 'இதுக்கு இலை பறிக்கப் போகலாமே' என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஓராண்டு முடிவில் கிடைக்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுமா என்பது எங்கே பயிற்சி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 எனும் அடிப்படை நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. படைக்கலத் தொழிற்சாலைகளில் முன்பு அப்ரண்டிஸாக இருந்தவர்களை மட்டுமே கேட்கும் ஒப்பந்தப் பணி அறிவிப்புகள் அருவங்காட்டிலும் வந்திருக்கின்றன. பெட்டிக்கடை போன்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதே ஓராண்டைக் கழித்தால் தொழில் கைவரும், கதவு அப்படித் திறக்காது. இரண்டுக்கும் பயன் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குச் சட்டத்தில் இல்லை. வாய்வார்த்தையாக 'பெர்மனன்ட் பண்ணிடுவோம்' என்றால் அதை எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு

30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். 4-க்குக் கீழே சேர்க்க முடியாது. எண்ணும்போது ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எண்ண வேண்டும். கான்ட்ராக்டர் கொண்டுவரும் சுமை ஏற்றும் ஆட்களை விட்டுவிட்டு, 'எங்களுக்கு 22 பேர்தான்' என்று சொல்லும் தொழிற்சாலைகள் ஆய்வில் மாட்டுவது அங்கேதான். சேர்க்க வேண்டிய அளவு மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு. 40 பேர் என்றால் குறைந்தது 1, அதிகபட்சம் 6. கட்டாயம் உள்ளவர் சேர்க்காமல் விட்டால், விடுபட்ட ஒவ்வொரு அப்ரண்டிஸ் மாதத்துக்கும் முதல் மூன்று மாதம் வரை 500 ரூபாய், அதன்பின் 1,000 ரூபாய் என்று அபராதம் ஏறும்.

அரசுப் பங்கு உதவித்தொகையில் 25 விழுக்காடு, ஆனால் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. 40 பேர் வேலை செய்யும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஐ.டி.ஐ. படித்த இரண்டு பேரையும் பத்தாம் வகுப்பு படித்த இரண்டு பேரையும் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த உதவித்தொகை 14,000 + 12,000 = 26,000. ஐ.டி.ஐ.காரருக்கு 25 விழுக்காடு என்பது 1,750. உச்சவரம்பால் 1,500 ஆகிறது. பத்தாம் வகுப்புக்காரருக்குச் சரியாக 1,500. நான்கு பேருக்கு அரசு 6,000, நிறுவனம் 20,000. இரண்டாம் ஆண்டில் ஐ.டி.ஐ.காரரின் தொகை 7,700 ஆகும்போதும் அரசுப் பங்கு அதே 1,500-தான். கூடுதல் 700 உங்கள் கையிலிருந்து.

இந்த 1,500 உங்கள் கணக்குக்கு வராது. 2023 முதல் நேராகப் பயிற்சி பெறுபவரின் ஆதார் இணைந்த கணக்குக்குப் போகிறது. 'முதலில் முழுத்தொகை கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கலாம்' என்று பழைய முறையை நினைத்துக்கொண்டு 7,000 கொடுத்தவர்கள் அந்த 1,500-ஐ இழந்திருக்கிறார்கள். இப்போதைய நடைமுறை இப்படி: மாத முடிவில் வருகையைத் தளத்தில் ஏற்றுங்கள், உங்கள் பங்கை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வங்கி வழியே அனுப்புங்கள், அனுப்பியதற்கான சான்றைத் தளத்தில் பதியுங்கள். அதன் பிறகே அரசுப் பங்கு நகரும். கையில் ரொக்கமாகக் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கினால் அந்த மாதத்துக்கு அரசுப் பங்கு நின்றுபோகும். பிள்ளை உங்களைத்தான் கேட்கும்.

தளத்தில் வருகை ஏற்றும் பொறுப்பை அலுவலகத்தில் ஒரே ஆளிடம் கொடுங்கள், ஆனால் கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். கிளார்க் வேலையை விட்டுப் போனதும் மூன்று மாத வருகை தேங்கி நிற்பது சிறிய தொழிற்சாலைகளில் சாதாரணம். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து இரண்டு நாள் நெட் இல்லாமல் போகிற ஊர் இது. 30-ஆம் தேதி வரை காத்திருக்காமல் வாரவாரம் ஏற்றி வந்தால் நிம்மதி.

இனி, செய்யக்கூடாதவை. அப்ரண்டிஸுக்குக் கிலோ கணக்கில், பீஸ் கணக்கில் தொகை பேச முடியாது. சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. இலைக் கொள்முதலில் எடை போடவும், பேக்கிங்கில் பாக்கெட் எண்ணிக்கைக்கும் ஆள் வேண்டுமென்றால் அதற்குத் தொழிலாளரைச் சேருங்கள். ஓவர்டைம் வாங்க வேண்டுமென்றால் தொழிற்பழகுநர் ஆலோசகர் எனும் அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். இலை வரத்து கூடும் மாதங்களில் தொழிற்சாலை விடிய விடிய ஓடும். பழகுநரை இரவு ஷிப்டில் போடும் முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இலையை நசுக்கும் ரோட்டார்வேனிலோ, உலர்த்தும் டிரையரிலோ கை அகப்பட்டு அடிபட்டால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. இ.எஸ்.ஐ., பி.எஃப். அவர்களுக்குப் பொருந்தாது என்பது செலவைக் குறைக்கிறது, அதனாலேயே விபத்துக் காப்பீடு ஒன்று தனியாக எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

ஓட்டல், ரிசார்ட் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஏப்ரல், மே சீசனுக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று மார்ச் கடைசியில் அப்ரண்டிஸ் கேட்டு வருகிறார்கள். ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் காலமே ஆறு மாதம். சீசன் முடிந்ததும் ஜூனில் அனுப்பினால், நிறுவனத்தின் தவறால் முறிந்த ஒப்பந்தமாகக் கணக்காகி மூன்று மாத உதவித்தொகை இழப்பீடாகத் தரவேண்டி வரும். ஜனவரியில் தொடங்குங்கள். உறைபனி மாதங்களில் கூட்டம் இல்லாதபோது அடுப்படி, அறைப் பராமரிப்பு, வரவேற்பு எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம்; கோடைவிழாக் கூட்டம் வரும்போது பிள்ளைகளுக்கு வேலை தெரிந்திருக்கும். ஓராண்டு ஒப்பந்தமானால் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனும் உள்ளே வந்துவிடும்.

சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒரு மூத்த ஆளைப் பெயர் குறித்து நியமியுங்கள். மாதாமாதம் என்ன பழகினார் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது இதைத்தான், தேர்வுக்கும் இது உதவும். அரசு பட்டியலிட்ட 'குறிப்பிட்ட தொழிற்பிரிவு'களுக்கு வகுப்பறைப் பாடமும் உண்டு; அங்கே போகும் நேரம் பயிற்சி நேரமாகவே கணக்கு, உதவித்தொகையில் பிடிக்கக் கூடாது.

டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள்

நேட்ஸில் காலம் ஓராண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி அரசுடையது: 2019 அளவின்படி பட்டதாரிக்கு 4,500, டிப்ளமோவுக்கு 4,000. அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் ஆகியவற்றின் அறிவிப்புகள் இந்தத் தளத்தில்தான் வரும். மதிப்பெண் வரிசையில் பட்டியல் எடுத்துச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பார்கள், எழுத்துத் தேர்வு பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவருக்கும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் உள்ளவருக்கும் தகுதி கிடையாது. படிப்பு முடிந்த கையோடு ஏதோ ஒரு கம்பெனியில் சேர்ந்து ஓராண்டு கழித்து வந்தால் கதவு மூடியிருக்கும் என்பதை இறுதியாண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

குறுகிய காலப் பயிற்சிகள்

இவை அப்ரண்டிஸ் அல்ல. ஆனால் பள்ளிப் படிப்பு நின்றுபோனவர்களுக்கு இதுவே நுழைவாயில். கிராமப்புற ஏழைக் குடும்ப இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாயா திட்டத்தில் 35 வயது வரை சேரலாம். பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 வரை தளர்வு உண்டு. பயிற்சி, உணவு, தங்குமிடம் இலவசம். மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். சுயதொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் பொருத்தம். அங்கே பேக்கரி, தையல், எலக்ட்ரிக்கல் போன்றவை சில வாரங்களில் முடியும், கடன் விண்ணப்பத்துக்கும் துணை நிற்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் பயிற்சிகள் தனி. சென்னை தரமணியில் உள்ள உணவக மேலாண்மை நிலையத்தில் தாட்கோ செலவில் படித்துவிட்டு வந்தால் ஊட்டி ஓட்டல்களில் அப்ரண்டிஸ் தேட வேண்டிய தேவையே இருக்காது, நேரடி வேலைதான்.

சேரும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: சான்றிதழில் யார் கையெழுத்து, அது ஸ்கில் இந்தியா தளத்தில் தெரியுமா? தெரியாது என்றால் அது வெறும் பங்கேற்புத் தாள், அடுத்து நேப்ஸில் சேரும்போது தகுதியாகச் செல்லாது.

பாதியில் சிக்கல் வந்தால்

உதவித்தொகை வரவில்லை என்றால் முதலில் தளத்தில் உங்கள் மாதவாரி வருகை ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் பேச வேண்டிய இடம் நிறுவனம். ஏறியிருந்து, நிறுவனப் பங்கும் வந்து, அரசுப் பங்கு மட்டும் நின்றால் சீடிங்கைச் சரிபாருங்கள். அதுவும் சரி என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒப்பந்த எண், மாதம், வங்கி அறிக்கை நகல் மூன்றையும் வைத்து எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன புகார் பதிவாவதில்லை.

பயிற்சியை விட்டுப் போக நினைத்தால் சொல்லாமல் நிற்காதீர்கள். ஒப்பந்தம் தளத்தில் திறந்தே கிடக்கும். வேறிடத்தில் புது ஒப்பந்தம் போட முடியாது. முறையாக முடித்து வைக்கச் சொல்லி நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து, தளத்தில் நிலை மாறியதா என்று பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

'குறிப்பிட்ட தொழிற்பிரிவி'ல் காலம் முடிந்தவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித்தான் சான்றிதழ் பெற முடியும். விருப்பத் தொழிற்பிரிவில் அந்தத் தொழில்துறைக்கான துறைத் திறன் குழுமமும் (செக்டார் ஸ்கில் கவுன்சில்) நிறுவனமும் சேர்ந்து தரும். தேர்வுக்குப் பெயர் அனுப்புவது நிறுவனத்தின் வேலை. அனுமதிச் சீட்டு வந்ததா என்று கேட்பது உங்கள் வேலை. சீட்டில் பெயர் எழுத்துப்பிழை இருந்தால் தேர்வுக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவதற்கு மாதங்கள் ஆகும்.